சிதம்பரத்தில் அரை நாள் ஆட்டோ: அண்ணாமலை நகர் சுற்றிப் பார்க்க 700 ரூபாய்

முதலில் காசு விவரம், கதை அப்புறம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஏற்றி, ரயில்வே மேம்பாலம் தாண்டி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிற அண்ணாமலை நகர் முழுக்கச் சுற்றிக்காட்டி, நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்தி, மறுபடி பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிட 700 ரூபாய். நாலு மணி நேரம் என்று பேச்சு, ஐந்தேகால் மணி நேரம் ஆனது, அதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. ஐந்துக்கு நாலு ஸ்டார் கொடுக்கிறேன். மிச்சம் ஒன்றைப் பிடித்துக்கொண்டதில் பாதி அவர் லேட்டாக வந்ததற்கு, பாதி அவருக்குத் தெரியாமல் போன நாலு பெயருக்கு.

ஆட்டோக்காரர் பெயரையும் நம்பரையும் இங்கே போடவில்லை. "போட்டா கண்டவனும் ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கூப்பிடுவான், வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நிற்கிற ஆட்டோக்களிடம் "யுனிவர்சிட்டி சுத்திக் காட்டுறவரு" என்று கேட்டால் கை காட்டுவார்கள், எங்களுக்கும் அப்படித்தான் ஒருவர் சொல்லிவிட்டிருந்தார்.

எங்கள் ஊர் வலங்கைமான். அப்பாவுக்கு 78 வயது, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். 1964-ல் அண்ணாமலையில் பி.யூ.சி. (பட்டப்படிப்புக்கு முந்தின ஒரு வருஷப் படிப்பு) சேர்ந்து, அங்கேயே பி.எஸ்சி. கணிதம் முடித்து 1968-ல் வெளியே வந்தவர். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை. நடராஜரைப் பார்க்க எத்தனையோ தடவை சிதம்பரம் போயிருக்கிறோம், ஆனால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் வர மாட்டார், கேட்டால் "அங்க யாரு இருக்கா" என்பார். இந்த மாசியில் அவராகவே ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "முட்டி இன்னும் ஒரு வருஷம் தாங்கும், அதுக்குள்ள ஒரு தடவை பாத்துட்டு வந்துரலாமா பாப்பா" என்றார். சரி என்று கும்பகோணத்தில் பஸ் பிடித்து, அணைக்கரை, மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில் வழியாகப் போய் இறங்கினோம்.

ஒன்பதரைக்கு வருவதாகச் சொன்ன ஆட்டோ பத்து பத்துக்கு வந்தது. வெயில், முட்டி வலிக்கிற கிழவர், உட்கார இடமில்லாத டீக்கடை. இதற்கு அரை ஸ்டார் போயிற்று. வந்தவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, "ஸ்கூல் ட்ரிப்புக்கா, புள்ளைங்கள விட்டுட்டு வரணும்ல" என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அப்பா பல்கலைக்கழக விடுதி மெஸ்ஸில் முப்பது வருஷம் பரிமாறினவராம், இவர் சின்ன வயதிலிருந்து அந்த வளாகத்துக்குள்ளேயே சைக்கிள் ஓட்டி வளர்ந்தவராம். இவருக்குத் தெரிந்த வரலாறு முழுக்கச் சமையற்கட்டு வழியாக வந்தது. அதுதான் இந்தச் சவாரியின் பலம், பலவீனமும் அதுதான்.

மேம்பாலத்தில் ஏறும்போதே அப்பா ஆரம்பித்துவிட்டார். அவர் காலத்தில் இங்கே ரயில்வே கேட், கரி எஞ்சின், மீட்டர் கேஜ். கேட் போட்டுவிட்டால் வகுப்புக்கு லேட், ஆனால் கேட்டே போடாத நாளிலும் "கேட் சார்" என்று சொல்லித் தப்பித்தவர்கள் உண்டு. ஆட்டோ அண்ணன் சிரித்துக்கொண்டு, "இப்ப பஸ்ஸு லேட்டும்பானுங்க ஐயா" என்றார். அந்த இடத்திலேயே இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விட்டது, நான் பின்சீட்டில் ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

உள்ளே போனதும் நிறுவனர் கதையைச் சொன்னார், இதை எல்லாச் சவாரிக்கும் சொல்வார் போல, மனப்பாடம். கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை ஆரம்பித்தது, அப்புறம் தமிழ்க் கல்லூரி, வடமொழிக் கல்லூரி, இசைக் கல்லூரி என்று சேர்த்துக்கொண்டே போனது, எல்லாவற்றையும் அப்படியே ஒப்படைத்து மேலே 20 லட்ச ரூபாயும் கொடுத்து 1929 ஜனவரி 1-ல் பல்கலைக்கழகம் ஆனது. "இருவது லட்சம்க்கா, அப்போ" என்று சொல்லிவிட்டு வண்டியையே நிறுத்தி நம் முகத்தைப் பார்க்கிறார், நாம் வாயைப் பிளக்க வேண்டும். பிளந்தோம். சட்டம் 1928-லேயே வந்துவிட்டது, அரசாங்கமும் பணம் போட்டது என்று அப்பா ஒரு திருத்தம் போட்டார். கொடுத்தவர் குடும்பத்தார்தான் பரம்பரையாக இணைவேந்தர், அது 2013-ல் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் போட்டு எடுத்துக்கொள்கிற வரை நடந்தது. இந்தப் பகுதியை ஆட்டோ அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அப்ப செட்டியாரு, இப்ப கவர்மெண்ட்டு, ஆட்டோ அதே ஆட்டோ."

உ.வே.சாமிநாதையர் இங்கே துணைவேந்தராக இருந்தார் என்று அடுத்து ஒரு போடு போட்டார். அப்பா முன்னால் குனிந்து அவர் தோளைத் தட்டி, "தம்பி, உ.வே.சா. மீனாட்சி தமிழ்க் கல்லூரி முதல்வர், 1924-லேருந்து 27 வரைக்கும். அப்ப யுனிவர்சிட்டியே கெடையாது" என்றார். அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல், "அப்படியா ஐயா, நான் பத்து வருஷமா அப்படித்தான் சொல்லிட்டு இருக்கேன், ஒருத்தரும் கேக்கல" என்றார். முதல் துணைவேந்தர் எஸ்.இ.ரங்கநாதன். நல்ல மனுஷர் பேரை மறக்கக் கூடாது என்று சொல்லி அப்பா அதையும் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொள்ளவும் செய்தார், செல்போனில், வண்டியை ஓரம் கட்டி.

பெரிய சண்டை சாஸ்திரி ஹால் முன்னால் வந்தது. பட்டமளிப்பு விழாவெல்லாம் நடக்கிற மண்டபம் இதுதான் என்று காட்டிவிட்டு, "லால் பகதூர் சாஸ்திரி பேருல கட்டுனது" என்றார் ஆட்டோ அண்ணன். எங்கள் அப்பா முகம் சிவந்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். வலங்கைமான்காரனிடம் போய் இதைச் சொன்னால்? எங்கள் ஊரில் கோயில் குருக்கள் வீட்டில் 1869-ல் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, ஆங்கிலத்தில் பேசினால் வெள்ளைக்காரனே வாயடைத்து நின்ற வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி, 1935 முதல் 1940 வரை இங்கே துணைவேந்தர். அவர் பெயர் அது. ஊர்ப் பெருமை பேசி முடித்துவிட்டு அப்பா சொன்ன அடுத்த விஷயம்தான் எனக்கு உறைத்தது: "யோசிச்சுப் பாருய்யா, 65-ல டெல்லில பிரதம மந்திரி யாரு? லால் பகதூர். அவர் கவர்மெண்டை எதிர்த்து ரோட்டுல கத்திட்டு வந்த பயலுவ, அவர் பேர் வச்ச ஹால்லயா போய்ப் பட்டம் வாங்குவோம்?"

இதைச் சொல்லிவிட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆட்டோ அண்ணன் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவர் வழக்கமாகப் போகிற வழியை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பி வாசல் பக்கம் கொண்டுபோய் ராஜேந்திரன் சிலை முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

1965 ஜனவரி 26-லிருந்து இந்திதான் ஆட்சிமொழி என்ற நிலை வந்தபோது தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிகள் கொதித்ததும், மறுநாள் 27-ம் தேதி சிதம்பரத்தில் போலீஸ் சுட்டதில் சிவகங்கையைச் சேர்ந்த ராஜேந்திரன் என்ற அண்ணாமலை மாணவர் விழுந்ததும் எல்லாரும் படித்திருப்போம். எங்கள் வீட்டில் இது பேச்சாக வந்ததே இல்லை. அப்பா அன்றைக்கு பி.யூ.சி. பையன், பதினெட்டு வயதுகூட முழுசாக ஆகவில்லை. அவர் ஊர்வலத்தின் வாலில் இருந்தாராம். சத்தம் கேட்டது, முன்னால் இருந்தவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள், இவரும் ஓடினார், ஒரு கால் செருப்பு போனது. அவ்வளவுதான் அவர் பார்த்தது. விடுதி காலியாகி, தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்து, வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, தாத்தா முதலில் கேட்டது "செருப்பு எங்கடா" என்றுதானாம். சிலை முன்னால் நின்று இதைச் சொன்னபோது அவர் குரலில் ஒன்றும் மாறவில்லை. கையை மட்டும் ஆட்டோ கம்பியிலிருந்து எடுக்கவே இல்லை. ஆட்டோ அண்ணன் தன் மனப்பாடக் கதை எதையும் இந்த இடத்தில் அவிழ்க்காமல் சும்மா நின்றார். அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே நாலு ஸ்டார்.

இதே மனுஷரிடம் 1971 பற்றிக் கேட்டுப் பாருங்கள், அதுதான், கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுத்தபோது எழுந்த எதிர்ப்பையும் உதயகுமார் என்ற மாணவர் இறந்துபோனதையும். கியரை மாற்றி "அக்கா, அந்தப் பக்கம் மரம்லாம் பாருங்க" என்கிறார். எல்லாக் கட்சிக்காரரும் ஏறுகிற வண்டி, புரிகிறது. புரிந்தாலும் எனக்கு ஏமாற்றம்தான்.

அரசியல்வாதிகள் பட்டியல் மட்டும் அவரிடம் சுத்தமாக இருக்கிறது. நெடுஞ்செழியன், அன்பழகன், மதியழகன், எல்லாரும் நாற்பதுகளில் இங்கே மாணவர்கள், யார் எந்த மேடையில் பேசினார்கள் என்று அவருடைய அப்பா சொன்ன கதைகளோடு வருகிறது. அன்பழகன் நம் திருவாரூர்ப் பக்கத்துக் காட்டூர்க்காரர் என்பதும் தெரிந்திருக்கிறது. ஆனால் தமிழ்த் துறை பக்கம் வந்ததும் மனுஷருக்குப் பேச்சே இல்லை, "இது தமிழ் டிபார்ட்மெண்ட்" என்று சொல்லிவிட்டு வண்டியை விடப் பார்க்கிறார். விடுவேனா? நானும் அண்ணாமலைதான், தபாலில். எம்.ஏ. தமிழ். 1979-ல் ஆரம்பித்த தொலைதூரக் கல்வி இல்லையென்றால் கல்யாணம் ஆன பிறகு நான் எங்கே படித்திருக்கப் போகிறேன். டெல்டாவில் எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு வாத்தியாரம்மாவோ ஒரு தாலுகா ஆபீஸ் கிளார்க்கோ "அண்ணாமலை தபால்" என்பார்கள். பழுப்புக் காகிதம் சுற்றி வந்த பாடப் புத்தகக் கட்டு, தொடர்பு வகுப்புக்குக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடினது எல்லாம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. "நேர்ல படிச்சது நான், நீ பார்சல்ல படிச்சவ" என்று அப்பா வாரினார். ஆட்டோ அண்ணன் என் பக்கம் சேர்ந்துகொண்டார், அவருடைய மனைவியும் தபால் பி.ஏ.வாம்.

அதனால் இந்த இடத்தில் கைடு வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவிலிருந்து வந்த விபுலானந்த அடிகள்தான் இங்கே முதல் தமிழ்ப் பேராசிரியர், 1931-ல். சிலப்பதிகாரத்தில் வருகிற யாழை என்னவென்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வருஷக்கணக்கில் உழைத்து அவர் எழுதிய யாழ் நூல் 1947-ல் அரங்கேறியது எங்கே தெரியுமா, எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லிக்கொள்கிற அளவில் இருக்கும் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில். அவருக்குப் பின் வந்த சோமசுந்தர பாரதியார் வேலையிலிருந்துகொண்டே முதல் இந்தி எதிர்ப்பில் இறங்கியவர். கதிரேசஞ் செட்டியார், தெ.பொ.மீனாட்சிசுந்தரனார், மொழிநூல் பக்கம் பாவாணர். எனக்குப் பிடித்தவர் பண்டாரத்தார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருப்புறம்பியத்தில் பிறந்தவர் சதாசிவ பண்டாரத்தார். திருப்புறம்பியத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் நடந்த போருக்கு அப்புறம்தான் சோழர்கள் தலையெடுத்தார்கள். அந்த மண்ணில் பிறந்தவர் இங்கே உட்கார்ந்து பிற்காலச் சோழர் சரித்திரத்தைத் தமிழிலேயே, கல்வெட்டு கல்வெட்டாக, எழுதினார். பல்கலைக்கழகமே அச்சிட்டது, முதல் பகுதி 1949-ல். அதற்கு முன்னால் மீனாட்சி கல்லூரி நாட்களில் நீலகண்ட சாஸ்திரி இங்கே முதல்வராக இருந்தவர். சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவரும் தமிழில் எழுதியவரும் இரண்டு பேருமே இந்தத் தெருக்களில் நடந்தவர்கள் என்றேன். ஆட்டோ அண்ணன் "அக்கா, நீங்களே மைக் வச்சுக்கங்க" என்றார். சுற்றிக் காட்டுகிறேன் என்று பணம் வாங்குகிறவர் இந்த நாலு பெயரையாவது தெரிந்து வைத்திருக்கலாம். மிச்ச அரை ஸ்டார் இங்கே போனது.

அப்புறம் அப்பாவின் முறை. கணிதத்துக்கு ராமானுஜன் என்றால் உலகத்துக்கே தெரியும், கும்பகோணத்துக்காரர்களான நாங்கள் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுவோம். எஸ்.எஸ்.பிள்ளை என்றால்? ஆட்டோ அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அப்பா எழுத ஆரம்பித்தார்.

"வாடகை எவ்வளவு தம்பி?"

"பேசுனதுதானே ஐயா, எழுநூறு."

"மூணு சேத்துக்க, எழுநூத்தி மூணு. ஆனா என்கிட்ட இருக்குற நோட்டு வேற மாதிரி. ஒண்ணை ஆறு தடவை பெருக்குனா ஒண்ணு, அது ஒரு நோட்டு. ரெண்டை ஆறு தடவை பெருக்குனா அறுவத்தி நாலு, அது ஒரு நோட்டு. மூணை ஆறு தடவை பெருக்குனா எழுநூத்தி இருவத்தொம்பது, அது உன் வாடகையைத் தாண்டிருச்சு, ஆகாது. இப்ப குடு பாப்போம், எத்தனை நோட்டு வேணும்?"

ஆட்டோ அண்ணன் கால்குலேட்டரை எடுக்கவில்லை, அதற்கே அப்பாவுக்குப் பரம சந்தோஷம். பதினொரு 64 போட்டால் 704, ஒரு ரூபாய் தாண்டுகிறது, அதனால் பத்துதான். 640. மிச்சம் 63, அது ஒத்தை ரூபாயாகத்தான் கொடுத்தாக வேண்டும். பத்தும் 63-ம் சேர்த்து 73. "அவ்வளவுதான்யா. எவ்வளவு பெரிய நம்பர் சொன்னாலும், கோடி கோடியா சொன்னாலும், இந்த மாதிரி நோட்டு 73 போதும், 74-ஆவது தேவையே படாதுன்னு நிரூபிச்சாரு பிள்ளை. 1940-ல. ஒலகம் பூரா தேடிட்டு இருந்த விஷயம், இந்த ஊர்ல லெக்சரரா இருந்துக்கிட்டுப் பண்ணாரு." 1929-லிருந்து 1941 வரை பிள்ளை இங்கே வேலை பார்த்தார். 1950-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், ஆகஸ்ட் 31-ம் தேதி, கெய்ரோவுக்குப் பக்கத்தில் விமானம் விழுந்து இறந்துபோனார். ஆட்டோ அண்ணன் அந்த டிக்கெட்டைக் கேட்டு வாங்கி மீட்டர் பெட்டிக்குள் சொருகிக்கொண்டார், அடுத்த சவாரிக்கு ஆகும் என்று. நீங்கள் போனால் 703 கதையை அவர் வாயால் கேட்பீர்கள், எங்கள் அப்பாவுக்குக் காப்பிரைட் கொடுங்கள்.

திருவேட்களம் கோயிலை யாரும் தவறவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டி வாழ்கிற பலருக்கே அங்கே ஒரு பாடல் பெற்ற தலம் இருப்பது மறந்துபோயிருக்கும். அர்ச்சுனன் பாசுபதம் வாங்கின இடம் என்பது தலபுராணம், மூலவர் பாசுபதேசுவரர். தில்லை முழுக்க ஆண்டவன் குடியிருக்கிற இடம், அங்கே படுத்துத் தூங்குவதா என்று தயங்கி ஞானசம்பந்தர் இங்கே தங்கிக்கொண்டு தினமும் நடந்து போய்க் கும்பிட்டு வந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. இதை ஆட்டோ அண்ணன் சொல்கிற விதமே தனி: "இந்த ஏரியாவுக்கு மொத ஹாஸ்டல் பையன் சம்பந்தர்தான்க்கா. தங்குறது இங்க, போறது டவுனுக்கு." குருக்கள் நடை சாத்தப் போகிற நேரம், எங்களுக்காக ஒரு கற்பூரம் காட்டிவிட்டுச் சாத்தினார்.

விடுதிப் பக்கம் போனபோது அப்பா தன் அறையைத் தேடினார், கிடைக்கவில்லை. ஒரே மாதிரி வராந்தா, ஒரே மாதிரி சன்னல், எது என்று சொல்ல முடியவில்லை, அவரும் ரொம்ப முயற்சி செய்யவில்லை. மெஸ் கதைதான் ஓடியது. அப்போது டிவைடிங் சிஸ்டம். மாசம் முடிந்ததும் அரிசி, பருப்பு, விறகு, சம்பளம் என்று மொத்தச் செலவைச் சாப்பிட்ட தலைகளால் வகுத்து பில் வரும். இரண்டு நாள் ஊருக்குப் போனவன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் கழிப்பார்கள், மறந்தால் கழிக்க மாட்டார்கள். அப்பாவை அந்தக் கணக்குச் சரிபார்க்கிற மாணவர் கமிட்டியில் போட்டிருந்தார்களாம், வாத்தியார் வேலையின் முதல் பயிற்சியே அதுதான் என்கிறார். பரிமாறுகிறவர் வாளியோடு வரிசையில் ஓடும்போது யார் இலையில் எவ்வளவு என்று கண் பார்த்தே தெரிந்து வைத்திருப்பார், "என் அப்பாவுக்கு ஐநூறு பையன் பசியும் மனப்பாடம்" என்றார் ஆட்டோ அண்ணன். அவருடைய அப்பா வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளில், எங்கள் அப்பாவுக்குப் பரிமாறியிருக்க வழியில்லை. இரண்டு பேரும் வருஷத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் ஏமாந்தார்கள்.

சாப்பாடு பற்றி நல்ல வார்த்தை இல்லை. அவர் கூட்டிப்போன இடத்தில் சாம்பார் ஆறிப்போயிருந்தது, ரசத்தில் புளி மட்டும் இருந்தது. சிதம்பரம் வந்துவிட்டுக் கொத்சு சாப்பிடாமல் போவதா என்று அப்பா கேட்க, அதெல்லாம் காலையிலும் சாயங்காலமும்தான் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். கத்திரிக்காய் கொத்சு வேண்டும் என்றால் வந்து இறங்கியதுமே சாப்பிட்டுவிட்டு ஆட்டோ ஏறுங்கள், எங்களுக்குத்தான் காத்திருந்த நாற்பது நிமிஷத்தில் அது தோன்றவில்லை.

மிச்ச இடங்களை வேகமாகச் சொல்கிறேன். நூலகம் சர் சி.பி.ராமசாமி ஐயர் பெயரில், திருவிதாங்கூர் திவானாக இருந்த அதே சி.பி., இங்கேயும் துணைவேந்தராக இருந்தவர். வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. 1945-ல் வந்த பொறியியல் கல்லூரி, அதையும் தாண்டிப் போனோம். ராஜா முத்தையா மருத்துவமனை இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆட்டோ அண்ணன் சொல்வதைப் பார்த்தால் அவர் வண்டிக்குச் சோறு போடுவதே அதுதான், வரலாறு கேட்டு ஏறுகிறவர்கள் வாரத்துக்கு ஒன்றிரண்டு பேர், ஊசி போட ஏறுகிறவர்கள் நாளைக்குப் பத்துப் பேர். இசைத் துறைப் பக்கம் மட்டும் கொஞ்சம் நின்றோம். உள்ளே யாரோ ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வயலினில் வாசித்துக்கொண்டிருந்தார்கள், எட்டாவது தடவைதான் சரியாக வந்தது. கச்சேரி என்றால் தெலுங்கும் சமஸ்கிருதமும்தான் என்றிருந்த காலத்தில் 1941-ல் தமிழிசை மாநாடு கூடியது இந்த வளாகத்தில்தான், அதற்குப் பின்னால் நின்றவரும் அதே செட்டியார்தான். டைகர் வரதாச்சாரியார் முதல் தண்டபாணி தேசிகர் வரை இங்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தேசிகர் நன்னிலம் பக்கம் திருச்செங்காட்டங்குடி. இப்படி ஆளுக்கு ஆள் நம் ஊர்ப் பக்கத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டே போனதில் ஆட்டோ அண்ணன், "ஏன் ஐயா, சிதம்பரத்துக்காரன் ஒருத்தனும் படிக்கலையா?" என்று கேட்டேவிட்டார்.

ஒரு ஒப்பீடு சொல்லித்தான் ஆக வேண்டும். தஞ்சாவூரில் 1981-ல் தொடங்கின தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு நான் இரண்டு மூன்று தடவை வேலையாகப் போயிருக்கிறேன். மேலேயிருந்து பார்த்தால் கட்டடங்கள் 'தமிழ்நாடு' என்ற எழுத்துகளாகத் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். தரையில் நடக்கிற நமக்கு இப்போது நிற்பது எந்த எழுத்து என்றே தெரியாது. அங்கேயும் இந்த மாதிரி ஒரு ஆட்டோ இருந்தால் "அக்கா, இப்ப ழ்-ல இருக்கோம், புள்ளிகிட்ட எறங்கிக்கங்க" என்று சொல்லியிருப்பார்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் ஆட்டோ கூரை தகிக்கிறது. ஒன்பதரை என்று சொன்னால் பத்துக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். செல்போன் அடித்தால் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் பேசுவார், பொறுத்துக்கொள்ள வேண்டும். பிச்சாவரம் போகலாமா போகலாமா என்று நாலு தடவை கேட்பார், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார். கட்டடங்களுக்குள்ளே கூட்டிப்போக அவரால் முடியாது, வெளியிலிருந்துதான் எல்லாம். வருஷங்களை அவர் சொன்னால் நம்பாதீர்கள். யாருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்று சொன்னால் நம்பலாம்.

வெள்ளாறு கடலில் சேர்கிற பரங்கிப்பேட்டையில் இதே பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, அதைப் பார்க்க அன்றைக்கு நேரமில்லை. பஸ் ஏறும்போது அப்பா ஆட்டோ அண்ணனிடம் 700 கொடுத்துவிட்டு, சட்டைப்பையைத் துழாவி மூன்று ஒத்தை ரூபாயும் எடுத்துக் கொடுத்தார். போன வாரம் அவரே போன் போட்டுப் பேசிவிட்டார், ஆனியில் பரங்கிப்பேட்டை போகிறோமாம். ஆட்டோ அண்ணன் 1,100 கேட்கிறார், அப்பா 900-லேயே நிற்கிறார்.